“மருந்து எதுவும் சாப்பிடவில்லை, டாக்டர்”

எங்கள் வீட்டுக் கிணற்றடியை ஒட்டி ஒரு பிலிம்பி மரம் நிற்கிறது. குமரி மாவட்டத்தில் திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் இந்த மரம் புதிதல்ல. சிலர் இதன் காயைப் புளிச்சக்காய் என்பார்கள். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் இரும்பன்புளி என்று பெயர். விரல் நீளத்தில் பச்சையாக, மரத்தின் தடியிலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தொங்கும். என் மாமியார் இருந்தவரை அந்தக் காய் மூன்று வழிகளில்தான் அடுக்களைக்குள் வந்தது: சாளைக் கறியில் புளிக்குப் பதிலாக இரண்டு மூன்று காய், உப்பிட்டு வெயிலில் உலர்த்திய வற்றல், பிறகு ஒரு சின்னப் பரணி ஊறுகாய். சென்ற ஆண்டு, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நாட்களில், நான் அதை நான்காவது வழியில், கொழுப்பைக் குறைக்கும் சாறாக, உள்ளே கொண்டுவந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை 1,89,000 ரூபாய், பதின்மூன்று நாள் மருத்துவமனை, நான்கு முறை டயாலிசிஸ். அப்போது யாரேனும் ஒருவர் என்னைத் தடுத்திருக்கலாம் என்று பல இரவுகள் நினைத்ததுண்டு. அந்த ஒருவராக இருக்கும் எண்ணத்தில்தான், சொல்லச் சற்றே வெட்கமாக இருந்தாலும், இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 49 வயது. தனியார் பள்ளியொன்றில் தமிழாசிரியை. கணவர் குவைத்தில் இருக்கிறார், மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். ஆகவே பெரும்பாலான நாட்கள் வீட்டில் நான் மட்டுமே. சில ஆண்டுகளாகவே இயற்கையோடு ஒட்டி வாழ வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. ஷாம்புவை விட்டுவிட்டுச் தலைக்குத் தேய்க்கும் செம்பருத்தி இலைத் தாளிக்கு மாறினேன். பாத்திரம் துலக்கச் சாம்பலும் தேங்காய்ச் சகிரி நாரும் போதும் என்று கண்டேன். சந்தைக்குத் துணிப்பையோடுதான் போவேன். சளி பிடித்தால் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்த காப்பியும், உப்புநீர்க் கொப்பளிப்பும் போதுமானவையாக இருந்தன. இவற்றில் எதுவும் எனக்குத் தீங்கு செய்யவில்லை. இன்றும் இவை எல்லாவற்றையும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இவை தந்த துணிச்சலில், நம் தோட்டத்தில் விளைந்தது எதுவானாலும் எவ்வளவு உட்கொண்டாலும் உடம்புக்கு ஆகும் என்ற எண்ணம் எனக்கே தெரியாமல் மனத்தில் ஊறிவிட்டது. தலையில் தேய்ப்பதற்கும் வயிற்றுக்குள் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அப்போது நான் யோசிக்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொழுப்பு 252, கெட்ட கொழுப்பு 171 என்று வந்தது. மருத்துவர் இரவில் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, நடக்கவும் சொன்னார். மாதம் 160 ரூபாய்க்குள் முடிகிற செலவுதான். ஆயினும் ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிவருமே என்ற அச்சம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு திருமண வீட்டில் என் மைனியை, அதாவது அண்ணியை, சந்தித்தேன். என் கவலையைச் சொன்னதும் அவர் சிரித்தார். “வீட்டுப் பின்னால மரத்த வச்சிகிட்டு மாத்திரைக்கு ஓடுதியா? பதினஞ்சு காய் பறிச்சு, தண்ணி விடாம அரைச்சுப் பிழிஞ்சு, வெறும் வயித்துல ஒரு வாரம் குடி. கொழுப்பெல்லாம் கரைஞ்சு போவும்” என்றார். அவர் என்மீது உண்மையான அன்பு கொண்டவர். இன்றும் அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் அதைக் குடித்துப் பார்த்தவரில்லை. பின்னாளில் விசாரித்தபோது, அவருக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெண், அந்தப் பெண்ணுக்குக் கைப்பேசியில் வந்தது யாருடையதென்றே தெரியாத ஒரு குரல் பதிவு என்பது தெரிந்தது. வைத்தியம் சொல்பவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நான்கே: நீங்கள் குடித்தீர்களா, எத்தனை நாள் குடித்தீர்கள், முன்னும் பின்னும் பரிசோதனை செய்தீர்களா, யார் இதைக் குடிக்கக் கூடாது? முதல் கேள்வியிலேயே பேச்சு முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை தொடங்கினேன். எண்ணிப் பதினைந்து காய். முக்கால் தம்ளர் சாறு வந்தது. முதல் மடக்கிலேயே பல் கூசி, தாடை இறுகி, கண்ணில் நீர் வந்தது. நாக்கு அப்போதே எச்சரித்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றோ, கசப்பும் புளிப்பும் மிகுந்தால்தான் மருந்து என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் நெஞ்செரிச்சல் வந்தபோது கொழுப்பு கரைகிறது என்று மகிழ்ந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சனிக்கிழமை ஆறாவது தம்ளரைக் குடித்த அரைமணி நேரத்தில் வாந்தி எடுத்தேன். அத்தோடு சாற்றை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை இடுப்புக்கு மேலே முதுகின் இருபுறமும் கனத்த வலி தொடங்கியது. இன்னொன்றையும் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை: அன்று முழுவதும் இரண்டே முறைதான் சிறுநீர் கழிந்தது, அதுவும் மிகக் கொஞ்சம். வாந்தியெடுத்து நீர் வற்றியிருக்கிறது, மழைக்காலம் வேறு, தாகமும் இல்லை என்று பல காரணங்களை நானே அடுக்கினேன். ஒரு நாளைக்கு 400 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் போனால் அது அபாயக் குறி என்பதை மருத்துவமனையில்தான் கற்றேன். ஐயம் தோன்றினால் ஒரு பழைய அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்து நேரத்தோடு குறித்துவைப்பது அருவருப்பான காரியமாகத் தோன்றலாம். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பைவிடப் பயன்படுவது வேறொன்றில்லை.

திங்கட்கிழமை ஊரில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்துக்கு நடந்தே போனேன். கூட்டம் அதிகம். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார். “மருந்து எதுவும் சாப்பிடவில்லை, டாக்டர்” என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன், ஆகவே மருந்து இல்லை என்பதே என் கணக்கு. நோய் தீர்வதற்காக, அளவு பார்த்து, வேளை பார்த்து, ஆறு நாள் குடித்த ஒன்றை நான் மருந்து என்றே எண்ணவில்லை. அது என் வீட்டுக் காய், அவ்வளவுதான். அவர் வாயுத் தொல்லைக்கு மாத்திரையும் முதுகுவலிக்கு ஓர் ஊசியும் கொடுத்து அனுப்பினார். ஏற்கெனவே அடிபட்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அவ்வகை வலி நிவாரணிகள் மேலும் சுமையாகும் என்பதைப் பிறகு அறிந்தேன். கூட்டத்தைக் குறைக்க அவசரப்படாமல் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எழுதியிருக்கலாமே என்ற குறை எனக்கு அவர்மீது உண்டு. ஆனால் கேட்ட கேள்விக்குத் தவறான விடை கொடுத்தவள் நான். மருத்துவர் மருந்து என்று கேட்டால் சாறு, கஷாயம், பொடி, லேகியம், ஊட்டச்சத்து மாத்திரை எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடக்கம். அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். முடிந்தால் அந்தக் காயையோ இலையையோ கையோடு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

செவ்வாய் மாலை விக்கல் தொடங்கியது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கிற விக்கல் அல்ல. நிமிடத்துக்குப் பத்து முறை, மணிக்கணக்கில், தண்ணீரும் சர்க்கரையும் எதுவும் கேளாத விக்கல். மழை பெய்துகொண்டிருந்தது, மின்சாரம் இல்லை. கணவரிடம் சொன்னால் அவ்வளவு தொலைவில் இருந்து பதறுவாரே என்று சொல்லவில்லை. மகனுக்குத் தேர்வு என்று அவனையும் அழைக்கவில்லை. முகமும் கணுக்காலும் வீங்கியிருப்பதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்த்தபோதுதான் முதன்முறையாக அஞ்சினேன். விடியுமுன் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பியை எழுப்பினேன். அவர் மறுபேச்சின்றி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவிலுக்கு, ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தனியாக இருப்பவர்கள் அந்தரங்கத்தைக் காப்பதாக எண்ணி நோயை மறைப்பது எத்தனை மடமை என்பது அந்தப் பயணத்தில் விளங்கியது. இப்போது பக்கத்து வீட்டில் என் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. உடம்புக்கு முடியவில்லையென்றால் அன்றே சொல்லிவிடுகிறேன்.

இரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 7.2 என்று வந்தது. பெண்களுக்குப் பொதுவாக 1.1-க்கு மேல் போகக் கூடாத அளவு அது. சிறுநீரக மருத்துவர் வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருந்து சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. “கடந்த இரண்டு வாரத்தில் வழக்கத்துக்கு மாறாக என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள்?” என்று கேட்டார். சாற்றைச் சொன்னேன். “இரும்பன்புளியா?” என்றார் உடனே. கேரளத்தில் ஐந்து மருத்துவமனைகளில் இதே சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி 2013-இல் மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றும், அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது என்றும் அவர் சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கம் அச்சேறிய எச்சரிக்கை, ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் எங்கள் ஊர்த் திருமண வீட்டுக்கு வந்து சேரவில்லை. குரல் பதிவு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். பிலிம்பிக்காயின் புளிப்புக்குப் பெருங்காரணம் ஆக்சாலிக் அமிலம். சிறிதளவு உணவோடு சேர்ந்து வந்தால், பால், தயிர் போன்றவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து குடலிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். அது மலத்தோடு வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் செறிந்த சாறாக ஊற்றும்போது பிடித்து நிறுத்த அங்கே ஒன்றுமில்லை. அமிலம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்துக்குப் போய், அங்கே சுண்ணாம்போடு சேர்ந்து ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகி, நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. வாந்தியால் உடம்பில் நீர் குறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். எனக்குப் பயாப்சி செய்து, அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது அந்தப் படிகங்கள் சிறப்பு ஒளியில் பளபளவென்று மின்னியதாகச் சொன்னார்கள். கெட்ட கொழுப்பு கரைந்ததா என்று அந்த நிலையிலும் நான் கேட்டேன். அனுமதித்த அன்று எடுத்த பரிசோதனையில் அது 169. ஆறு தம்ளர் சாற்றின் பலன் இரண்டே புள்ளி.

டயாலிசிஸ் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கழுத்தில் குழாய் இறக்கும்போது முகத்தைப் பச்சைத் துணியால் மூடினார்கள். துணிக்குள்ளே நான் அழுதது யாருக்கும் தெரியாது. இரண்டாம் நாள் மகன் வந்தான், கணவருக்குப் பத்து நாள் கழித்துத்தான் விடுப்புக் கிடைத்தது. செலவைச் சொல்கிறேன், ஏனெனில் இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவும் அறையும் சேர்ந்து 52,000, டயாலிசிஸ் நான்கு முறை 14,000, கழுத்துக் குழாய் 9,500, பயாப்சி 21,000, மருந்தும் பரிசோதனைகளும் 34,500. போக்குவரத்து, உடனிருந்தவர் சாப்பாடு என்று 9,000. வீடு திரும்பிய பின் நடந்த பரிசோதனைகளுக்கும் மருத்துவர் கட்டணத்துக்கும் 13,000. சம்பளமில்லா விடுப்பு இரண்டு மாதம், 36,000. இரண்டு வளையல்கள் இன்னும் வங்கியில் அடகில் இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு எதுவும் எடுத்திருக்கவில்லை. இத்தனைக்கும் நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே டயாலிசிஸுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பதற்றத்தில் ஆட்டோவில் ஏறியவளுக்கு அது நினைவுக்கே வரவில்லை. உங்கள் வீட்டிலிருந்து எந்த அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதை உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே விசாரித்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருப்பவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்காமல் தள்ளிப்போட வேண்டாம்.

என் நல்லூழ், சிறுநீரகம் திரும்பி வந்தது. வீட்டுக்கு அனுப்பியபோது 3.4 ஆக இருந்த கிரியேட்டினின், நான்கு வாரத்தில் 1.7, பத்தாம் வாரத்தில் 1.0. அந்த வாரங்களில் படுத்தபடியே நான் யோசித்தது பெரும்பாலும் மாமியாரின் அடுக்களையைப் பற்றித்தான். மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளியை) வேகவைத்தால் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அவர் தேங்காய் சேர்ப்பார். கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு என்று அவருக்குத் தெரியும், சயனைடு என்ற சொல் தெரியாது, அவ்வளவே. சேனையும் சேம்பும் நாக்கை அரிப்பதற்கு அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் காரணம். அவற்றைப் பச்சையாக அரைத்துக் குடிக்கும்படி எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. பிலிம்பியும் அப்படித்தான்: ஒரு சட்டிக் கறிக்கு மூன்று காய், அதைப் பகிர்ந்து உண்ண ஆறு பேர், கூடவே சோறு. பாரம்பரியம் என்று நான் நினைத்துக் குடித்தது பாரம்பரியமே அல்ல. மிக்சியில் அரைத்த, நேற்றுப் பிறந்த பழக்கம். பாரம்பரியம் என்று யாரேனும் சொன்னால், அந்தக் காலத்தில் இதை எந்த அளவில், எதோடு, எப்படிச் சமைத்து உண்டார்கள் என்று நான் இப்போது கேட்கிறேன்.

உணவைப் பொறுத்தவரை எனக்குச் சொல்லப்பட்ட சில செய்திகள் மற்றவர்களுக்கும் பயன்படும். பிலிம்பியின் உறவான நட்சத்திரப்பழத்திலும் இதே அமிலம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பழத்தைத் தொடவே கூடாது. பாலக் கீரையைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடிக்கும் வழக்கத்திலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேகவைத்து நீரை வடித்தால் ஆக்சலேட் குறையும். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் விழுங்கினால் உடம்பு அதன் ஒரு பகுதியை ஆக்சலேட்டாக மாற்றிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், சிறுநீரகக் கல் வந்தவர்களும், வயதானவர்களும் இவ்வகைச் சாறுகளிலிருந்து விலகியே இருப்பது நல்லது. ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால், அடுத்த நாட்களில் வாந்தியோ முதுகுவலியோ விக்கலோ சிறுநீர்க் குறைவோ தோன்றினால் காத்திருக்க வேண்டாம். வலி மாத்திரையும் போட வேண்டாம். எங்கள் ஊர் ஆய்வகத்தில் கிரியேட்டினின் பரிசோதனைக்கு 150 ரூபாய்தான் வாங்குகிறார்கள்.

இதனால் நாட்டு மருத்துவமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேனா என்று உடன் பணிபுரியும் ஆசிரியைகள் கேட்கிறார்கள். இல்லை. குணமான பிறகு பட்டம் பெற்ற ஒரு சித்த மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், என்மீது. “எங்கள் மருத்துவத்தில் சரக்கைச் சுத்தி செய்யாமல் கொடுப்பதில்லை. அளவு உண்டு, மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானம் உண்டு, பத்தியம் உண்டு. இவை எதுவுமே இல்லாமல் நீங்கள் குடித்ததை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்” என்றார். அவர் சொன்னது நியாயம். நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கும் மாவட்டம் நம்முடையது. கேட்டுத் தெரிந்துகொள்ள இடமில்லாமல் நான் குரல் பதிவை நம்பவில்லை, கேட்கும் சிரமத்தைத் தவிர்க்கவே நம்பினேன். கொழுப்பு மாத்திரையை மீண்டும் தொடங்கி, பள்ளிக்கு நடந்தே போய்வருகிறேன். மூன்று மாதத்தில் கெட்ட கொழுப்பு 104-க்கு இறங்கியது.

மரத்தை வெட்டிவிடும்படி கணவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. கீழே விழும் காய்களை ஒரு வாளியில் சேர்த்து வைக்கிறேன். நறுக்கித் தேய்த்தால் வெண்கல உருளியும் குத்துவிளக்கும் பொன்போல் துலங்குகின்றன. வெட்டுக்கத்தியின் துருவும் ஓரிரவில் இளகிவிடுகிறது. இரும்பன்புளி என்று பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ தெரியாது, ஆனால் துரு கரைந்து பழுப்பாக ஓடும் அந்த நீரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் வயிறு ஒருமுறை சுருங்கத்தான் செய்கிறது. அக்கம்பக்கத்தில் காய் கேட்டு வருபவர்களுக்கு நான் மறுப்பதில்லை. என்ன மீன் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அதற்கு வேண்டிய மூன்றே காயை எண்ணிக் கொடுக்கிறேன்.